மாத்தளையும் வழிகாட்டி நூல்களும்

ஓர் ஊரைப் பற்றிய வழிகாட்டி நூல் அச்சேறிய நாளில் முற்றும் சரியானதாய் இருப்பினும், சரியானதாகவே நிலைத்திருத்தல் அரிது. வீதி புதிதாகத் திறக்கப்படுகின்றது. புகையிரதம் வேறு வழியாற் செல்லத் தொடங்குகின்றது. பிரயாணி தங்கிய மடம் மூடப்படுகின்றது. நூலின் ஏடு மட்டும் அன்று சொன்னதையே இன்றும் சொல்லி நிற்கின்றது. மாத்தளை மாவட்டத்திலோ இவற்றினும் வியப்பான தொன்று நிகழ்ந்தது. அங்கே பழைய கட்டடமொன்றே இடம்பெயர்ந்தது.

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருவீதியில், ஏறத்தாழ 15 மைல் தொலைவில் நாலந்தா என்னும் ஊர் உளது. வீதிக்குக் கிழக்கே சற்று விலகி, கெடிகே எனப்படும் சிறிய கற்கோயில் ஒன்று நிற்கின்றது. செங்கல்லாற் கட்டுதலே பெருவழக்காய் இருந்த ஈழத்தில் முழுவதும் கருங்கல்லால் எடுக்கப்பட்ட இக்கட்டடம், மாமல்லபுரத்துக் கற்றளிகளைக் கண்டோர்க்கு உடனே பல்லவர் மரபை நினைவூட்டும். பௌத்தக் கோயிலாயினும் அமைப்பு முழுவதும் திராவிடக் கோயிலின் அமைப்பே. காலம் எட்டாம் நூற்றாண்டென்பாரும் பின்னும் இரண்டு மூன்று நூற்றாண்டுகள் பிற்பட்டதென்பாரும் உளர். அறிஞரிடையே அவ்வழக்கு இன்னும் தீரவில்லை. கோயில் நின்ற இடத்தைப் பற்றி மட்டும் யார்க்கும் ஐயமில்லை. வயல்கள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் நின்றது. 1970-களில் மகாவலித் திட்டத்தின் கீழ்ப் போவத்தென்னை நீர்த்தேக்கம் அமைந்தபொழுது அப்பள்ளத்தாக்கு நீரில் மூழ்குவதாயிற்று. ஆதலால் கோயில் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு, 1980-ஆம் ஆண்டளவில் நீர்மட்டத்துக்கு மேலான தரையில் மீண்டும் கோக்கப்பட்டது. இன்று அதனைக் காணச் செல்வோன் நீர்ப்பரப்பை நோக்கி நீண்டு செல்லும் பாதையால் அதனை அடைகின்றான்.

இவ்விடப்பெயர்ச்சிக்கு முன் எழுதிய ஆசிரியர் எவரும் பிழை செய்தவரல்லர். அவர் கண்டதை எழுதினார். அவர் நூலைப் பார்த்து எழுதி, நேரிற் செல்லாமலே வயலையும் வரம்பையும் வருணித்த பின்னோர் உளராயின் பிழை அவர்களுடையது. இலங்கைத் தீவின் நடுமையம் நாலந்தாவே என்றொரு கூற்றும் வழங்குகின்றது. கோயில் மேட்டுக்கு ஏறிய பின் மையமும் உடன் ஏறிற்றோ என்று அக்கூற்றை எடுத்தாள்வோர் கேட்டதாகத் தெரியவில்லை.

நேரிற் கண்டு எழுதுவதும் கண்டோர் எழுதியதைத் தொகுப்பதும் வேறுவேறு தொழில்கள். இரண்டுக்கும் இந்நாட்டில் நல்ல தொடக்கம் இருந்தது. தொகுப்புத் தொழிலில் முன் நிற்பவர் ஒரு தமிழர். கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி (1807–1860) இலங்கையின் ஊர்கள், மாகாணங்கள், ஆறுகள் முதலியவற்றை அகரவரிசையில் விளக்கும் 'சிலோன் கசெற்றியர்' என்னும் ஆங்கில நூலை 1834-இல் வெளியிட்டார். தமிழ்ப் புலவர் வரலாற்றை 'தமிழ் புளூட்டாக்' என 1859-இல் தொகுத்தவரும் இவரே. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டு இருபது ஆண்டுகளும் நிறைவுறாத காலத்தில் அகரவரிசை நூல் தோன்றியது. அதன்பின் மாத்தளை கண்ட மாற்றங்களை எண்ணினால் எந்நூலும் பத்தாண்டுக்கு மேல் நம்பத்தக்கதன்று என்பது விளங்கும். கோப்பித் தோட்டங்கள் காடழித்துப் பரந்தன. 1848-இல் கலகம் மூண்டது. 1880-இல் புகையிரதம் வந்தது. அது வருமுன்னரே கோப்பி நோயுற்றது.

நேரிற் கண்டோருள் குறிப்பிடத்தக்கவர் மேஜர் ஜொனதன் போப்ஸ். மாத்தளையில் அரசாங்க அலுவலராய் இருந்த இப்படைவீரர் 1831-இல் சீகிரியாக் குன்றை அடைந்தார். 1840-இல் வெளியான தம் நூலில் அதனை ஐரோப்பிய வாசகர்க்கு அறிவித்தார். உச்சியை அவர் ஏறிக் கண்டிலர். ஐரோப்பியர் முதன்முதல் அதன் உச்சியை அடைந்தது 1853-இல் என்பர். இந்நூற்றாண்டின் இறுதியில் நீதிபதி லோறி இரு பாகங்களாக (1896, 1898) வெளியிட்ட மத்திய மாகாண ஊர்விவர நூல், மாத்தளைக் கிராமங்களை ஒவ்வொன்றாய் எடுத்து, காணிகளும் குடும்பங்களும் விகாரைகளும் பற்றிய செய்திகளைத் தந்தது. பிரயாணிக்கென எழுதப்படாத நூலாயினும், பிரயாணிக்கென எழுதியோர் பலர் அதனைப் படித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

பிரயாணிக்கென்றே எழுதப்பட்ட நூல்களுள் பரோஸ் என்னும் சிவில் சேவை அலுவலர் 1885-இல் எழுதிய கைந்நூல் முற்பட்டது. அது அநுராதபுரத்துக்கும் பொலன்னறுவைக்கும் வழிகாட்டி. தம்புள்ளை, காலாவெவ, மிகிந்தலை, சீகிரியா ஆகியவற்றுக்கும் தனித்தனி அதிகாரங்கள் உடையது. மாத்தளை மாவட்டத்துத் தம்புள்ளையும் சீகிரியாவும் அநுராதபுர நூலுள் அடங்கியது ஏன் என்பதற்கு விடை புகையிரதப் பாதையில் உண்டு. 1867-இல் கண்டியை அடைந்த இருப்புப்பாதை 1880-இல் மாத்தளையை அடைந்து அங்கேயே நின்றது. ஆதலால் அநுராதபுரம் செல்வோன் மாத்தளையில் இறங்கி, அங்கிருந்து வண்டியிற் புறப்பட்டு, நாலந்தா வாடிவீட்டிலும் தம்புள்ளை வாடிவீட்டிலும் தங்கிச் செல்லவேண்டியிருந்தது. அக்காலத்து மாத்தளை வடதிசைக்கு வாயிலாய் இருந்தது. 1897-இல் பாழ்நகரங்களைப் பற்றி எழுதிய ஹென்றி கேவ் என்பவரும் இப்பெருவீதியால் வடக்கே சென்றவரே.

எட்டாண்டிற் காட்சி மாறிற்று. பொல்காவலையிற் பிரிந்து குருநாகல், அநுராதபுரம் வழியாக யாழ்ப்பாணம் செல்லும் வடபகுதி இருப்புப்பாதை 1905-இல் நிறைவெய்திக் காங்கேசன்துறையை அடைந்தது. மாத்தளை வாயிலாய் இருந்த நிலை நீங்கி, கிளைப்பாதையின் கடைசி நிலையமாயிற்று. அதே கேவ் 1908-இல் வெளியிட்ட பெருநூலில் இலங்கை முழுவதையும் இருப்புப்பாதைகளின் வரிசையிலேயே விவரித்தார். நூலின் உபதலைப்பே அது புகையிரத வழிகளுக்கு ஒரு வழிகாட்டி என்று கூறுகின்றது. ஒரே ஆசிரியர், பதினோராண்டு இடைவெளி. மாத்தளையின் இடம் மாறிவிட்டது. பழைய பதிப்பைக் கையிற்கொண்டு 1910-இல் மாத்தளையில் இறங்கி அநுராதபுரத்துக்கு வண்டி தேடிய பிரயாணியின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். மாட்டுவண்டி கிடைக்கும், ஆனால் அவன் நண்பன் குருநாகல் வழியாகச் சென்று முன்னரே சேர்ந்திருப்பான்.

மாத்தளைப் பாதை எதற்காக இடப்பட்டதோ அப்பொருளும் நிலைக்கவில்லை. கோப்பியை இறக்குவதற்கே அது வேண்டப்பட்டது. கோப்பி இலைநோய் 1869-இல் இலங்கையிற் காணப்பட்டது. பாதை திறக்கப்பட்ட 1880-இல் பல தோட்டங்கள் சாகும் நிலையில் இருந்தன. பின்பு மாத்தளைச் சரிவுகளிற் கொக்கோவும் தேயிலையும் இறப்பரும் வந்தன. முந்திய நூலில் கோப்பி நாடென்று படித்து வந்தவன் கொக்கோ மரங்களின் நிழலில் நின்றான்.

இனிச் சீகிரியா. வழிகாட்டி நூல்கள் எத்தனை விதமாகப் பிழைபடலாம் என்பதற்கு இக்குன்றுக்கு மேலான பாடசாலை இல்லை. பரோஸின் காலத்துப் பிரயாணி ஓவியங்களைக் கீழே நின்று அண்ணாந்து நோக்குவதன்றி வேறறியான். ஓவியங்கள் உள்ள குகையை முரே என்னும் பொறியியலாளர் 1889-இல் ஏறி அடைந்து அவற்றைப் படியெடுத்தார். குன்றின் பெயரில் உள்ள சிங்கம் எங்கே என்பதும் அந்நாளில் விடையற்ற வினா. தொல்பொருள் ஆணையாளர் எச். சி. பி. பெல் 1890-களில் நடத்திய அகழ்விலேதான் செங்கற் சிங்கத்தின் பாதங்கள் மண்ணினின்றும் வெளிப்பட்டன. இவை காலம் திருத்திய குறைகள்; எவரும் வருந்தவேண்டியதில்லை.

வருந்தவேண்டியவை வேறு. குன்றின் உயரம் சில நூல்களில் ஏறக்குறைய 600 அடி. வேறு சிலவற்றில் 1,100 அடிக்கு மேல். இரண்டும் சரியே. முன்னது சூழவுள்ள நிலத்திலிருந்து அளந்தது. பின்னது கடல்மட்டத்திலிருந்து அளந்தது. எங்கிருந்து அளந்தது என்ற ஒரு சொல்லை விட்டதனால் இரு சரியான எண்களும் பொய்யாயின. இன்னொன்று ஓவியங்களின் தொகை. சீகிரியாவில் ஐந்நூறு பெண்ணோவியங்கள் இருந்தன என்று நூலுக்கு நூல் எழுதப்படுகின்றது. இன்று காணக்கூடியன இருபதளவினவே. ஐந்நூறு என்னும் எண் எங்கிருந்து வந்தது? கண்ணாடிச் சுவரிற் பழங்காலத்துப் பார்வையாளர் கீறிச் சென்ற பாடல்களுள் அவ்வெண் வருகின்றது. பாடியவன் கணக்கெடுத்தவனல்லன், ஓவியங்களைக் கண்டு மயங்கி நின்றவன். கவிஞன் ஆயிரம் என்றால் பலவென்று கொள்ளுதல் தமிழ் படித்தார்க்குப் புதிதன்று. குன்றின் மேற்புறம் முழுவதும் ஒரு பெரும் ஓவியக்கூடமாய் இருந்திருக்கலாம் என ஜோன் ஸ்டில் 1907-இற் கருதியதும் இத்தொகைக்கு உரமூட்டிற்று. 1967 ஒக்டோபரிற் சிலர் ஓவியங்களின்மேல் வர்ணம் பூசிச் சிதைத்தனர். அதற்கு முன் அச்சான நூல்களின் வருணனையைப் பின்னைய காட்சியோடு ஒப்பிடுவோர் இதனையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அப்பாடல்களைப் பற்றி ஈண்டு ஒரு சொல் கூறுதல் மிகையாகாது. பேராசிரியர் செனரத் பரணவிதான 685 பாடல்களைப் படித்துப் பொருளெழுதி 1956-இல் வெளியிட்டார். அவற்றுட் பெரும்பாலன எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரையானவை. எழுதியவர் பலர் தம் பெயரையும் ஊரையும் சேர்த்தே பொறித்தனர். பிக்குகளும் அதிகாரிகளும் பெண்களும் அவருள் உளர். வந்து கண்டவர் இன்னார் என்பதற்கு இவ்வளவு பழைய, இவ்வளவு நேரான சான்றுடைய இடங்கள் உலகிற் சிலவே. பின்வந்த அச்சு நூல்களுட் பல, தாம் கூறுவதை யார் எப்போது நேரிற் கண்டார் என்று சொல்வதில் இச்சுவரெழுத்துக்களின் அளவுக்குக் கூட நேர்மை காட்டவில்லை.

நூலிலிருந்து நூலுக்குத் தாவும் செய்திகளுக்கு வேறு இரண்டு உதாரணங்கள் மாத்தளை நகருக்கு அண்மையிலேயே கிடைக்கின்றன. நகருக்கு வடக்கே இரண்டு மைலளவில் உள்ள அலுவிகாரையில், வட்டகாமணி அரசன் காலத்தில், கிறித்துவுக்கு முன் முதல் நூற்றாண்டில், வாய்மொழியாய் வழங்கிய திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டது என எல்லா நூல்களும் ஐயமறக் கூறுகின்றன. எழுதப்பட்ட செய்தியை மகாவம்சம் கூறுகின்றது. எழுதப்பட்ட இடத்தை அது கூறவில்லை. மாத்தளையைச் சேர்ந்த இவ்விடத்தின் பெயர் பதினான்காம் நூற்றாண்டு நிகாயசங்கிரகத்திலேதான் வருகின்றது. மரபு பொய்யென்பது இதன் பொருளன்று. ஆயிரத்து நானூறு ஆண்டு இடைவெளியுள்ள சான்று என்பதே பொருள். வழிகாட்டி நூலில் இதற்கு ஒரு வரி போதும். அவ்வொரு வரி அரிதாகவே காணப்படுகின்றது. மாத்தளை என்னும் பெயருக்குக் கூறப்படும் விளக்கமும் இத்தகையதே. கஜபாகு மன்னன் சோழநாட்டிலிருந்து கொணர்ந்த 12,000 பேரின் பெருந்திரள் குடியேறியதால் வந்த பெயர் என்பது கதை. கஜபாகுவின் படையெடுப்பையே மகாவம்சம் அறியாது. பிற்கால நூலாகிய இராஜாவலியவே அதனைக் கூறுகின்றது. சிலப்பதிகாரத்திற் கயவாகுவாக வரும் மன்னன் பத்தினி விழாவுக்கு வந்தவனேயன்றிச் சிறைகொண்டு சென்றவனல்லன்.

1848-ஆம் ஆண்டுச் செய்திகளும் அச்சிட்ட காலத்துக்கேற்ப நிறம் மாறுவன. அவ்வாண்டு ஜூலை 26-இல் கொங்காலேகொட பண்டா தம்புள்ளை விகாரையில் முடிசூட்டப்பட்டான். அவனைச் சேர்ந்தோர் மாத்தளையைத் தாக்கினர். புரன் அப்பு பிடிபட்டு அடுத்த மாதம் கண்டியிற் சுடப்பட்டான். நிகழ்ச்சிகள் இரு காலத்து நூல்களிலும் ஒன்றே. ஆங்கிலேயர் காலத்து நூலில் இது கலகம். சுதந்திரத்தின் பின் எழுந்த நூலில் விடுதலைப் போர். பிரயாணி நிற்கும் இடமும் அதற்கேற்ப மாறுகின்றது. முன்னையோன் 1803-இல் எழுந்த மக்டோவல் கோட்டையின் வாயிலில் நின்றான். பின்னையோன் வீரர் நினைவுச் சின்னத்தின் முன் நிற்கின்றான்.

இதுகாறும் கூறியவை எழுதப்பட்டதில் உள்ள பிழைகள். எழுதப்படாததில் உள்ள பிழை இவற்றினும் பெரிது. பரோஸும் கேவும் வண்டியில் வடக்கே சென்ற அதே பெருவீதியில், அவர்களுக்கு அரை நூற்றாண்டு முன்பிருந்தே, ஆயிரக்கணக்கானோர் தெற்கு நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தனர். அவர் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து தலைமன்னாரிலும் அரிப்பிலும் கரையேறிக் கண்டிச்சீமையின் கோப்பித் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர். மன்னாரிலிருந்து மதவாச்சி, தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல். கங்காணியின் பின்னே, சட்டிபானையும் பிள்ளையும் சுமந்து, நீரற்ற காட்டினூடே கால்நடையாகக் கடந்த வழி அது. வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் வழியெங்கும் காத்திருந்தன. நடக்கமாட்டாது வீழ்ந்தோர் வீழ்ந்த இடத்திலேயே விடப்பட்டனர். இடையிடையே தங்குமடங்களும் கிணறுகளும் அமைக்கப்பட்ட பின்னும் சாவு நின்றதில்லை. இத்துயர வரலாற்றை டொனவன் மோல்ட்றிச் 1989-இல் வெளிவந்த தம் நூலில் விரிவாகத் தொகுத்துள்ளார். 1914-இல் தலைமன்னாருக்குப் புகையிரதமும் தனுஷ்கோடிக்குக் கப்பற் சேவையும் ஏற்பட்ட பின் காலாற் கடக்கும் அவ்வழி பழங்கதையாயிற்று.

தம்புள்ளைக் குகைகளில் உள்ள ஓவியங்களின் பரப்பை அளந்து கூறும் நூல்கள், அக்குன்றின் அடியாற் சென்ற இவ்வழியைப் பற்றி ஒரு சொல்லும் கூறாமற் கடந்து செல்கின்றன. அதற்குக் காரணம் கெட்ட எண்ணம் என்று கொள்ளவேண்டியதில்லை. பிரயாண நூல் கட்டடத்தைத் தேடிச் செல்வது. நடந்து இறந்தோர் கட்டடம் எதனையும் விட்டுச் செல்லவில்லை.

பிழைத்து வந்தோர் விட்டுச் சென்றது ஒன்று உண்டு. காடு கடந்து வந்தோர் கண்ட முதல் நகர் மாத்தளை. அங்கே அம்மைக்கும் மழைக்கும் தெய்வமாகிய மாரியைத் தொழுதது இயல்பே. சிறு வழிபாடாய்த் தொடங்கி, நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் ஆதரவோடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிற் கோயிலாய் எழுந்த முத்துமாரியம்மன் ஆலயம் நகரின் நடுவே உளது. மாசிமகத்தில் ஐந்து தேர்கள் வீதியுலா வரும். இன்றைய வழிகாட்டி நூல்கள் மாத்தளை நகருக்கு ஒதுக்கும் சில வரிகளில் முதலிடம் பெறுவது இக்கோயிலின் 108 அடி இராசகோபுரமே. கோபுரத்தின் உயரத்தையும் சிற்பங்களின் தொகையையும் சொல்லும் நூல்களிற் பல, 1983 ஜூலை வன்செயலின்போது இக்கோயில் தீக்கிரையானதைச் சொல்வதில்லை. காண்போன் கண்முன் நிற்பது பழைய கோயிலா, எரிந்தபின் எழுந்ததா என்பது நூலாசிரியன் சொல்லவேண்டிய செய்தி. சமயப் பற்றோ அரசியலோ அதற்கு வேண்டியதில்லை. நாலந்தாக் கோயில் பெயர்த்துக் கட்டப்பட்டதை ஆண்டுடன் எழுதுவோர்க்கு இதனை எழுதுதல் அரிதன்று.

தம்புள்ளையிலும் அத்தகைய திருத்தம் ஒன்று வேண்டப்படுகின்றது. ஒரு காலத்தில் நாற்சந்தியும் வாடிவீடுமாய் இருந்த அவ்வூர், இன்று மரக்கறி மொத்த வியாபாரத்தின் பெருமத்திய நிலையமும் கிரிக்கெட் மைதானமும் உடைய நகர். உலக மரபுரிமைப் பட்டியலிற் சீகிரியா 1982-இலும் தம்புள்ளை விகாரை 1991-இலும் இடம்பெற்ற பின் வந்து செல்வோர் தொகை பெருகிற்று. புதிய பதிப்புக்கள் இம்மாற்றங்களை ஓரளவு ஏற்றுக்கொண்டன. விகாரையைச் சூழ்ந்த புனித பூமியைப் பற்றி எழுந்த தகராற்றினிடையே, அவ்வூர்ப் பத்திரகாளியம்மன் கோயில் 2013 ஒக்டோபரில் இடிக்கப்பட்டது. பழைய படத்தில் அது இருப்பின் இன்று நீக்கவேண்டும். நீக்கும்போது, அங்கே அது இருந்தது என்பதையும் எழுதவேண்டும்.

மாத்தளை நகரின் நடுவே செல்லும் வீதிகளுள் ஒன்றுக்குத் திருகோணமலை வீதி என்று பெயர். வழிகாட்டி நூலைக் கையிலேந்திய பிரயாணி கண்டியிலிருந்து வந்து, நகரைக் கடந்து வடக்கே அலுவிகாரை, நாலந்தா, தம்புள்ளை என்னும் வரிசையிற் செல்கின்றான்; நூல்களின் அதிகாரங்களும் அவ்வரிசையிலேயே அமைந்துள்ளன. கோப்பித் தோட்டங்களுக்கு வந்தோர் தம்புள்ளையை முதலிலும் நாலந்தாவை அதன்பின்னும் கண்டு, இறுதியில் மாத்தளையை அடைந்தனர்.